இத்தாலிய மெனுவையும் சமையல் குறிப்பையும் வாசிக்கப் பழகுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இத்தாலிய உணவுப் பெயர்களில் சில வடிவத்தைச் சொல்லும், சில ஊரைச் சொல்லும், சில அடுப்பில் என்ன நடந்தது என்றே சொல்லிவிடும். ரிகொத்தா என்றால் 'மறுபடி வெந்தது'. பாலைத் திரித்து சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரை மீண்டும் சூடாக்கித் திரட்டுவதால் அந்தப் பெயர். பிஸ்கொத்தி 'இரண்டு முறை வெந்தது'. பன்னா கொத்தா 'வெந்த பாலேடு'. அதனால் நூறு பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, பெயர்கள் எந்தத் துண்டுகளால் ஆனவை என்று தெரிந்துகொள்வது சுலபம். கொஞ்சம் ஒலி, கொஞ்சம் விகுதி, இருபது வினைச்சொல். இவை கையில் இருந்தால் ரோமில் ஒரு சின்ன உணவகத்திலும் சமாளிக்கலாம், இத்தாலியர் எழுதிய சமையல் குறிப்பை நேரடியாகப் படித்தும் சமைக்கலாம்.

கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். ஒலியைத் தாண்டிவிட்டு நேராகச் சமையலுக்குப் போனால் பிறகு கடையில் கேட்கும்போது தடுமாறுவீர்கள்.

படி 1: முதலில் வாய்க்குப் பழக்குங்கள்

ஆங்கிலம் வழியாக வந்த உச்சரிப்பைக் கொஞ்சம் மறக்க வேண்டும். இத்தாலியத்தில் 'டி' (t) எழுத்து நம் 'த' ஒலிக்கு நெருக்கமானது, நாக்கு பல்லைத் தொடும். ஸ்பாகெட்டி அல்ல, ஸ்பகெத்தி. குழைவான அரிசி உணவின் பெயர் ரிசோட்டோ அல்ல, ரிசோத்தோ.

அடுத்தது 'சி' (c) எழுத்து. அதன் பின்னால் இ, எ ஒலி வந்தால் 'ச்ச' என்று அழுத்திச் சொல்ல வேண்டும். கொண்டைக்கடலைக்கு ச்சேச்சி என்று பெயர். ஆனால் நடுவே 'எச்' நுழைந்தால் அது 'க' ஆகிவிடும். அதனால்தான் ப்ருஷெட்டா என்பது தவறு, ப்ருஸ்கெத்தா என்பதே சரி. 'ஜி' (g) எழுத்துக்கும் இதே விதி: பார்மிஜானோவில் ஜ, ஸ்பகெத்தியில் எச் சேர்ந்ததால் க. 'எஸ்', 'சி' இரண்டும் சேர்ந்து இ, எ முன்னால் வந்தால் ஷ: உப்பில் பதப்படுத்திய பன்றித்தொடைக்கு ப்ரொஷூத்தோ என்று பெயர்.

'ஜி', 'என்' சேர்ந்து வருமிடத்தில் ஆங்கிலம் பேசுபவர்கள் திணறுவார்கள். நமக்கு அதற்கென்றே ஓர் எழுத்து இருக்கிறது: ஞ. உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளுக்கு ஞொக்கி. அடுக்கு பாஸ்தாவுக்கு லசாஞ்ஞே, 'அஞ்ஞானம்' என்பதில் வரும் அதே அழுத்தம். 'ஜி', 'எல்', 'ஐ' மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 'ல்ய': பூண்டுக்கு ஆல்யோ, தட்டை நாடா பாஸ்தாவுக்கு தல்யதெல்லே.

இரட்டை மெய்யில் கவனம் வேண்டும். கனி, கன்னி இரண்டையும் குழப்பாத காதுக்கு இது இயல்பாகவே வரும். குழாய் வடிவ பாஸ்தாவுக்கு பென்னே, இறகுப் பேனாக்கள் என்று பொருள். அதில் ஓர் ஒற்றை விழுங்கி பேனே என்றால் அது ஆணுறுப்பைக் குறிக்கும் சொல். மேசையில் உட்கார்ந்து கேட்கும்போது அந்த 'ன்' நன்றாகக் கேட்கட்டும்.

பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம் விழும். கடைசி எழுத்தின் தலையில் ஒரு சிறு கோடு போட்டிருந்தால் அழுத்தம் அங்கே: கஃபே, திரமிசூ, ரகூ.

படி 2: சொல்லின் வாலைப் பாருங்கள்

ஒருமை பெரும்பாலும் ஓ அல்லது ஆ என்று முடியும். ஓ பன்மையில் இ ஆகும், ஆ பன்மையில் ஏ ஆகும். ஒன்று வேண்டுமென்றால் பனினோ, இரண்டு வேண்டுமென்றால் பனினி. 'ஒரு பனினி' என்று இத்தாலியில் யாரும் சொல்வதில்லை. ஸ்பகெத்தி, ரவியோலி, ஞொக்கி எல்லாமே பன்மைதான். பீட்சா ஒன்று, பீட்சே பல.

அளவைச் சொல்லும் விகுதிகள் தனி. 'இனி', 'எத்தி', 'எத்தே', 'எல்லே' என்று முடிந்தால் சிறியது. ஓனி என்று முடிந்தால் பெரியது. ஸ்பாகோ என்றால் நூல்கயிறு, ஸ்பகெத்தி சின்னக் கயிறுகள். ஒரெக்கியா என்றால் காது, தெற்கே புலியா மாநிலத்தின் ஒரெக்கியெத்தே சின்னக் காதுகள். பாரி நகரின் பழைய பகுதியில் பெண்கள் வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, மாவுத்துண்டைக் கத்தியால் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்து இதைச் செய்வதை இன்றும் பார்க்கலாம். ஃபர்ஃபல்லே பட்டாம்பூச்சிகள், கொங்கில்யே கிளிஞ்சல்கள், லிங்குவீனே சின்ன நாக்குகள். ரிகாத்தோ என்றால் வரிவரியானது. ரிகதோனியின் வரிகளில் குழம்பு பிடித்து நிற்கும் என்பதால் கெட்டியான இறைச்சிக் குழம்புக்கு அதை எடுப்பார்கள்.

நம் ஊர் சேமியா பாக்கெட்டில் வெர்மிசெல்லி என்று அச்சடித்திருக்கிறது. அதுவும் இத்தாலியச் சொல்தான், 'சின்னப் புழுக்கள்' என்று அர்த்தம், வெர்மிச்செல்லி என்று உச்சரிப்பார்கள். ஆனால் அங்கே அது சேமியாவைப் போல மெல்லியது அல்ல, ஸ்பகெத்தியைவிடச் சற்றுத் தடிமனாகவே இருக்கும். சேமியா உப்புமா நினைப்பில் வாங்கினால் ஏமாற்றம்தான். மெல்லியது வேண்டுமென்றால் கபெல்லி தாஞ்செலோ, அதாவது தேவதையின் தலைமுடி என்று கேளுங்கள்.

படி 3: 'அல்லா', 'அல்' என்ற இணைப்புகள்

பெயருக்கு நடுவே வரும் 'அல்லா' பெரும்பாலும் ஊர்ப் பாணியையோ ஒருவருடைய பாணியையோ குறிக்கும். அல்லா மிலனேசே என்றால் மிலான் பாணி, ரிசோத்தோவில் அது வந்தால் குங்குமப்பூ உண்டு. அல்லா ஜெனொவேசே ஜெனோவா பாணி. அல்லா நோர்மா என்றால் சிசிலியின் கத்தானியா நகரத்துப் பாஸ்தா: பொரித்த கத்தரிக்காய், தக்காளி, உப்பிட்ட ரிகொத்தா. அந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் பெல்லீனியின் 'நோர்மா' என்ற ஓபெரா இசை நாடகத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அர்ரபியாத்தா என்றால் கோபக்காரி, மிளகாய்க் காரம்தான் கோபம்.

'அல்', 'ஐ', 'அல்லே' என்பவை பொருளோடு சேர்ந்து வந்தால் 'இது போட்டது' என்று எடுத்துக்கொள்ளுங்கள். அல் பொமொதோரோ தக்காளியோடு, ஐ ஃபூங்கி காளானோடு, அல்லே வொங்கொலே மட்டியோடு. அல் ஃபோர்னோ என்றால் ஓவனில் சுட்டது, அல்லா கிரீல்யா என்றால் கம்பி அடுப்பில் வாட்டியது, அல் வபோரே என்றால் ஆவியில் வேகவைத்தது.

பெயருக்குள் ஊர் இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் அதில் மிகவும் கண்டிப்பு. பொலோஞ்ஞாவில் 1972ல் தல்யதெல்லேயின் அகலத்தையே வணிகச் சங்கத்தில் பதிவு செய்தார்கள்: வெந்தபின் 8 மில்லிமீட்டர். இறைச்சிக் குழம்பான ரகூவின் செய்முறையை 1982ல் பதிவு செய்தார்கள். உலகம் முழுவதும் விற்கும் 'ஸ்பகெத்தி பொலொனேசே' அந்த ஊரின் மரபான உணவகங்களில் கிடைக்காது. அங்கே ரகூ தல்யதெல்லேயோடுதான் சேரும், ஏனென்றால் முட்டை போட்ட அகலமான நாடாவில்தான் அந்தக் குழம்பு ஒட்டும்.

படி 4: மெனுவின் வரிசை

அந்திபாஸ்தோ முதலில் வரும் சிறுதீனி. ப்ரீமோ என்றால் முதலாவது: பாஸ்தா, ரிசோத்தோ, சூப் இதில் அடங்கும். செகொந்தோ இரண்டாவது: இறைச்சி, மீன். அதோடு தானாகக் காய்கறி வராது, கொந்தோர்னோ என்ற தலைப்பின் கீழ் தனியாகச் சொல்லி வாங்க வேண்டும். கடைசியில் தோல்ச்சே, இனிப்பு. எல்லாவற்றையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு ப்ரீமோவும் ஒரு கொந்தோர்னோவும் போதும் என்றால் தாராளமாகச் சொல்லலாம். பாஸ்தாவுக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் எதிர்பார்க்காதீர்கள், அது தனி உணவு.

பலகையில் ரிஸ்தொராந்தே என்றிருந்தால் கொஞ்சம் பெரிய உணவகம், த்ரத்தொரியா என்றிருந்தால் வீட்டுச் சமையல் சாயல் கொண்டது, ஒஸ்தெரியா ஒருகாலத்தில் மது விற்ற எளிய இடம். இந்தப் பெயர்களை மட்டும் வைத்து விலையை முடிவு செய்யாதீர்கள், வாசலில் தொங்கும் மெனுவைப் பாருங்கள். அவசரப் பசிக்கு தாவொலா கால்தா, சமைத்து வைத்ததைத் தட்டில் போட்டுத் தருவார்கள். ரோமில் பீட்சா அல் தால்யோ என்ற கடைகளில் செவ்வகப் பீட்சாவை வெட்டி எடைபோட்டுக் கொடுப்பார்கள்.

எடைக்கு ஒரு சொல்லை மறக்காமல் படித்து வையுங்கள்: எத்தோ. 100 கிராம். 'உன் எத்தோ தி பார்மிஜானோ' என்றால் 100 கிராம் சீஸ். கடையில் கிராமைவிட இதில்தான் பெரும்பாலும் கேட்பார்கள்.

படி 5: சமையல் குறிப்பைப் படிப்பது

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இத்தாலியக் குறிப்புகளில் வினைச்சொற்கள் பெரும்பாலும் ஆதே, ஏதே, ஈதே என்று முடியும். நாம் 'நறுக்கவும், போடவும், பரிமாறவும்' என்று எழுதுவோமே, அதே தொனி: தல்யாதே, மெத்தேதே, செர்வீதே. முடிவில் லோ, லி என்று ஒட்டியிருந்தால் 'அதை', 'அவற்றை'.

பூண்டு, எண்ணெய், மிளகாய் மட்டும் போட்ட ஸ்பகெத்தியை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்போம்.

'ஸ்புச்சாதே லால்யோ எ அஃபெத்தாதேலோ சொத்தீலே.' ஸ்புச்சாரே என்றால் தோலுரிப்பது, அஃபெத்தாரே என்றால் வில்லையாக அரிவது, சொத்தீலே மெலிதாக. பூண்டை உரித்து மெலிதாக அரியவும்.

'ஃபாதேலோ சொஃப்ரீஜ்ஜெரே நெல்லோலியோ அ ஃபுவோகோ தோல்ச்சே.' சொஃப்ரீஜ்ஜெரே என்பதை 'வறுக்கவும்' என்று படித்துவிடக் கூடாது. ஃப்ரீஜ்ஜெரே என்றால்தான் பொரிப்பது. முன்னால் 'சொ' சேர்ந்தால் பொரிபடாமல், எண்ணெயில் மெதுவாக வதங்குவது. தோல்ச்சே இங்கே இனிப்பு அல்ல, இதமான தீ. எண்ணெய் காயும்வரை காத்திருக்காமல் பூண்டையும் எண்ணெயையும் குளிர்ந்த சட்டியிலேயே சேர்த்து வைத்தால் இந்த வரி சொல்வது சரியாக நடக்கும். விளிம்பில் சின்னக் குமிழ்கள் வரும், பூண்டு வெளுத்தே இருக்கும். பொன்னிறத்தைத் தாண்டினால் கசந்துவிடும்.

'ஸ்கொலாதே ல்யி ஸ்பகெத்தி அல் தெந்தே.' ஸ்கொலாரே வடிப்பது. அல் தெந்தே 'பல்லுக்கு', அதாவது கடித்தால் நடுவே கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். அரைவேக்காடு என்று நினைக்காதீர்கள். ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பார்த்தால் குறுக்குவெட்டில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரியும், அதுதான் வடிக்க வேண்டிய நேரம். வேகவைக்கும் தண்ணீருக்கு அங்கே ஒரு கணக்கு சொல்வார்கள்: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. சீஸ் அதிகம் சேரும் உணவாக இருந்தால் உப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

'சல்தாதேலி இன் பாதெல்லா கொன் உன் மேஸ்தொலோ தி அக்குவா தி கொத்தூரா.' வாணலியில் ஒரு கரண்டி வெந்த தண்ணீரோடு அவற்றைக் குலுக்கிப் புரட்டவும். அக்குவா தி கொத்தூரா, வேகவைத்த தண்ணீர், இத்தாலிய அடுப்படியின் உயிர். பாஸ்தாவிலிருந்து இறங்கிய மாவுச்சத்து எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடித்துப் பளபளப்பான குழம்பாக்கும். வடிகட்டித் தொட்டியில் ஊற்றும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

'சாலே குவாந்தோ பாஸ்தா.' இந்தக் கடைசிச் சொல் உணவு பாஸ்தா அல்ல. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, ஆனால் இதில் முதல் எழுத்து 'பந்து' என்பதில் வரும் ஒலி அல்ல, 'பாபு' என்பதில் வரும் ஒலி. பொருள்: போதும். 'எவ்வளவு போதுமோ அவ்வளவு உப்பு', நம் சமையல் குறிப்புகளின் 'தேவையான அளவு' தான். அச்சில் க்யூ, பி என்ற இரண்டு எழுத்துகளாகச் சுருக்கி எழுதியிருப்பார்கள்.

மற்ற வினைகளை ரிசோத்தோவோடு சேர்த்துப் படித்தால் மறக்காது. முதலில் பத்தூதோ: வெங்காயம், கேரட், செலரி ஆகியவற்றைப் பொடியாகக் கொத்தியது. அது எண்ணெயிலோ வெண்ணெயிலோ வதங்கியபின் சொஃப்ரீத்தோ ஆகிறது. நம் தாளிதம்போல இதுவும் சுவைக்கு அடித்தளம், ஆனால் தாளிதம் நொடிகளில் முடியும், சொஃப்ரீத்தோவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமை வேண்டும். ரிசோத்தோவுக்குப் பெரும்பாலும் வெங்காயம் மட்டும். பிறகு தொஸ்தாரே: அரிசியை ஓரிரு நிமிடம் சூடேற வறுப்பது. அடுத்து ஸ்ஃபுமாரே: வெள்ளை ஒயினை ஊற்றி ஆவியாக்குவது. ஒயின் வேண்டாதவர்கள் எலுமிச்சைச் சாறு சில துளிகளைக் கடைசியில் சேர்த்தால் அந்தப் புளிப்பு கிடைத்துவிடும். பிறகு ப்ரோதோ என்ற சூடான வடிசாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, பதினாறு பதினெட்டு நிமிடம் வேகவிடுவார்கள். கடைசியாக மந்தெகாரே: அடுப்பை அணைத்துவிட்டுக் குளிர்ந்த வெண்ணெயையும் சீஸையும் போட்டு வேகமாகக் கிண்டிக் குழைப்பது. தட்டைச் சாய்த்தால் அலைபோல நகர வேண்டும், அந்தப் பதத்துக்கு அல்லோந்தா என்று பெயர். கரண்டியில் உருண்டையாக நின்றால் அது இறுகிவிட்டது, இன்னும் கொஞ்சம் வடிசாறு கேட்கிறது.

அரிசியாக கர்னரோலி, அர்போரியோ, வியலோனே நானோ என்ற பெயர்களைத் தேடுங்கள். பொன்னி, பாசுமதியில் அந்தக் குழைவு வராது.

மாவு வாங்கும்போது இரண்டு சொற்கள் போதும். சேமொலா என்பது தூரும் என்ற கடினக் கோதுமையை அரைத்தது. இத்தாலியில் காய்ந்த பாஸ்தா தூரும் கோதுமையில்தான் இருக்க வேண்டும் என்று 1967ல் சட்டமே போட்டார்கள். ஃபரீனா என்பது சாதாரண கோதுமை மாவு, இரட்டைச் சுழியம் போட்டது மிகச் சன்னமானது. அதில் 100 கிராமுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் பிசைந்தால் வடக்கு இத்தாலியின் முட்டைப் பாஸ்தா. இம்பஸ்தாரே பிசைவது, ரிபொசாரே மாவை ஓய்வில் விடுவது, ஸ்தேந்தெரே தேய்த்து விரிப்பது, லியேவிதாரே பொங்க விடுவது.

படி 6: சைவம் சாப்பிடுபவர்கள் தேட வேண்டிய சொற்கள்

'சோனோ வெஜெதரியானோ' என்று ஆண்கள் சொல்ல வேண்டும், பெண்கள் கடைசி எழுத்தை ஆ ஆக்கி 'வெஜெதரியானா' என்று சொல்ல வேண்டும். இது மட்டும் போதாது. 'சென்ட்சா கார்னே, சென்ட்சா பேஷே' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்.

பெயரைப் பார்த்தால் தெரியாத இடங்கள் சில. ஸ்த்ரூத்தோ என்றால் பன்றிக் கொழுப்பு. ரொமாஞ்ஞா பகுதியின் பியதீனா ரொட்டியில் மரபாக அதைப் போட்டுப் பிசைவார்கள், கேட்டால் எண்ணெயில் செய்தது இருக்கிறதா என்று சொல்வார்கள். அச்சூகே என்றால் நெத்திலி வகை மீன், புத்தனெஸ்கா என்ற பாஸ்தாக் குழம்பிலும் பலேர்மோவின் ஸ்ஃபின்ச்சோனே ரொட்டியிலும் கரைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. குவான்ச்சாலே பன்றிக் கன்னம், கர்பொனாரா, அமத்ரிச்சானா என்ற பாஸ்தா வகைகளில் அதுதான் முதுகெலும்பு. காய்கறிச் சூப்பான மினெஸ்த்ரோனேயிலும் இறைச்சி வடிசாறு இருக்கலாம், 'ப்ரோதோ வெஜெதாலே?' என்று கேளுங்கள். கொல்லா தி பேஷே என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் மீன் பசை, கடையில் அது ஜெலட்டின். பன்னா கொத்தாவில் வழக்கமாக அதுதான் இருக்கும்.

சீஸ் பற்றிக் கண்டிப்பானவர்கள் கால்யோ அனிமாலே என்ற சொல்லைக் கவனியுங்கள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் அது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவை அதன் விதிப்படியே அப்படித்தான் செய்ய வேண்டும். துளசியை ஒத்த பசிலிகோ இலையை இடித்துச் செய்யும் ஜெனோவா பேஸ்தோவிலும் அந்த சீஸ் சேரும். மஸ்கர்போனே மட்டும் பாலேட்டில் அமிலம் சேர்த்துத் திரட்டுவது, உறைபொருள் வேண்டாம். ஆனால் அதில் செய்யும் திரமிசூவில் பச்சை முட்டை உண்டு.

இனி தாராளமாகச் சாப்பிடக்கூடியவை. பீட்சா மரினாரா என்ற பெயரில் கடல் இருந்தாலும் மீன் இல்லை: தக்காளி, பூண்டு, ஒரேகனோ, எண்ணெய் அவ்வளவுதான், சீஸ்கூடக் கிடையாது. நேப்பிள்ஸில் இதை 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 60 முதல் 90 விநாடிக்குள் சுட்டு எடுத்துவிடுவார்கள். அந்தக் கைவண்ணத்தை 2017ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெபெரோனி என்றால் இத்தாலியில் குடைமிளகாய், அமெரிக்க பீட்சாவில் வரும் தொத்திறைச்சி அல்ல, பயப்படாமல் வாங்கலாம். ஜெனோவாவின் ஃபரினாத்தா கடலைமாவுக் கரைசலைப் பெரிய செம்புத் தட்டில் ஊற்றிச் சுட்டது. பலேர்மோவின் பனெல்லே கடலைமாவைக் கிண்டி ஆறவைத்துத் துண்டுபோட்டுப் பொரித்தது, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். பலேர்மோவில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள், பல்லரோ சந்தைப் பக்கம் போனால் தமிழிலேயே வழி கேட்டுக்கொள்ளலாம்.

படி 7: காப்பி, தண்ணீர், பில்

கஃபே என்று மட்டும் சொன்னால் சின்னக் கோப்பையில் எஸ்ப்ரெஸ்ஸோ வரும். லாத்தே என்று கேட்டால் ஒரு கிளாஸ் பால் வரும், அந்தச் சொல்லுக்குப் பொருளே பால்தான். கஃபே லாத்தே என்று முழுதாகச் சொல்லுங்கள். மக்கியாத்தோ என்றால் பால் துளி பட்டது, கொர்ரேத்தோ என்றால் மது கலந்தது. கப்புச்சீனோ காலை நேரத்துக்குரியது, சாப்பாட்டுக்குப் பின் கேட்டாலும் கொடுப்பார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் அப்படிக் குடிப்பதில்லை.

தண்ணீர் கேட்டால் நதுராலே அல்லது ஃப்ரித்சாந்தே என்று திருப்பிக் கேட்பார்கள். முதலாவது சாதாரணம், இரண்டாவது வாயு ஏற்றியது. தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவதற்கு ஸ்கர்பெத்தா என்று பெயர், சின்னச் செருப்பு. எளிய த்ரத்தொரியாவில் அதைச் செய்தால் சமைத்தவருக்கு மகிழ்ச்சிதான்.

முடித்ததும் 'இல் கோந்தோ, பேர் ஃபவோரே' என்று சொல்லுங்கள். கேட்காமல் பில் கொண்டுவருவது அங்கே விருந்தினரை விரட்டுவது போலாகும், அதனால் காத்துக்கொண்டே இருக்க வேண்டாம். பில்லில் கொபேர்த்தோ என்று தலைக்கு ஒரு சிறு தொகை பல இடங்களில் இருக்கும். மேசைக்கும் ரொட்டிக்குமான கட்டணம் அது, மெனுவில் அச்சிட்டிருக்க வேண்டும். செர்வீட்சியோ என்று இன்னொரு வரி இருந்தால் பரிமாறியதற்கான கட்டணமும் சேர்ந்துவிட்டது, தனியாக டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.